ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஆவணப்படம் தேவை

நண்பர்களே, பள்ளிப் பிள்ளைகளுக்கான திரையிடல். பொருள்: மனிதரும் விலங்கும். ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ (2022) உறுதி. முதுமலை, யானைக்குட்டி ரகு, அதை வளர்த்த பொம்மன்-பெள்ளி தம்பதி பேசும் தமிழ், சுமார் 40 நிமிடம். அதற்கு மேல் என்ன வேண்டும்! இரண்டாவது படத்தில்தான் சிக்கல்.

டெல்லியில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் சகோதரர்களைப் பற்றிய ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’ அருமையான படம். குப்பைமேட்டு எலிகளோடு மெல்ல நகரும் அந்தத் தொடக்கக் காட்சி பெரியவர்களைக் கட்டிப்போடும், ஆறாம் வகுப்பு நெளியும். ஒன்றரை மணி நேரம் வேறு, பேச்சோ இந்தி.

30 முதல் 60 நிமிடத்துக்குள், தமிழ்ப் பேச்சோ தமிழ் சப்டைட்டிலோ உள்ள படம் தெரிந்தால் சொல்லுங்கள். பொதுத் திரையிடலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதையும் சேர்த்து. வீட்டு ஓடிடி சந்தா பொதுவாக அதற்குச் செல்லாது.

சப்டைட்டில் கோப்பு தருபவர்கள் நொடிக்கு எத்தனை பிரேம் ஓடும் படத்துக்கு அமைத்தது என்று குறிப்பிடுங்கள். 25 பிரேம் கோப்பை 23.976 பிரேம் படத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் சுமார் இரண்டரை நிமிடம் வரிகள் முந்திவிடும். தொடக்கத்தை மட்டும் நகர்த்தினால் சரியாகாது, முழு நேரத்தையும் நீட்ட வேண்டும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமித்த கோப்பு என்றால் நல்லது, இல்லாவிட்டால் திரையில் தமிழ் எழுத்துகள் சிதைந்து வரலாம்.