நான் கட்டும் மொழிக்கு 12 வேற்றுமை அதிகமா?

மங்குமணி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆள் நான். வேலை முடிந்த நேரத்தில் சொந்தமாக ஒரு மொழி கட்டுகிறேன், பெயர் லயமொழி. தமிழ் 8-ஓடு நின்றுவிட்டது. மூன்றாம் வேற்றுமைக்குள் 'கத்தியால்', 'கங்காணியோடு' இரண்டையும் அடைத்திருக்கிறது. நான் பிரித்துவிட்டேன். இடத்துக்கு மட்டும் 5: மரத்தில், மரத்தின் மேல், மரத்துக்குள், மரத்திலிருந்து, மரம் வரை. மொத்தம் 12. ஃபின்னிஷ் மொழியில் 15 இருக்கிறதே!

செம்பனை77:
12 எதற்குத் தம்பி? பக்கத்து வீட்டு மாக்சிக், அதான் மலாய்க்கார அத்தை, ஒரு வேற்றுமைகூட இல்லாமல் நாள் முழுக்க மலாய் பேசுகிறார். டி பாசார், கெ பாசார், டாரி பாசார்: சந்தையில், சந்தைக்கு, சந்தையிலிருந்து. முடிந்தது கதை. உன்னைப் போலவே ஒரு மொழி கட்டி, 1887-இல் எஸ்பெராண்டோ என்று வெளியிட்ட ஸாமென்ஹாஃப் செயப்படுபொருளுக்கு ஒரே ஒரு 'ன்' வைத்தார். அதிலிருந்து பிரிந்த இடோ என்ற மொழி அதையும் பெரும்பாலும் விட்டுவிட்டது.

மங்குமணி:
வரிசையை மட்டும் நம்பினால் பாட்டு எழுத முடியாதே, அண்ணே. 'நாயைப் பூனை கடித்தது', எப்படித் திருப்பிப் போட்டாலும் கடித்தது பூனைதான்.

லயத்து அக்கா:
இரண்டு பேரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். உருபை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எழுதினாயா மணி? 'அப்பா மரம் வெட்டினார்' என்றால் காலையில் பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கப் போனார், அது அவர் வேலை. 'அப்பா மரத்தை வெட்டினார்' என்றால் மரத்தையே சாய்த்துவிட்டார், தோட்டத்துக் கணக்கர் கிராணி ஓடி வருவார்! ஆளுக்கு மட்டும் விட முடியாது. 'கங்காணி கூப்பிட்டேன்' என்று நம்மில் யார் சொல்வது? அப்புறம் 'எனக்குப் பசிக்கிறது'. பசிப்பது நான், ஆனால் எழுவாயாக நிற்கவில்லை. உன் 12-இல் பசிக்கிறவனுக்கு எது?

செம்பனை77:
அக்கா, மரத்துக்கு உருபே வேண்டாம். மலாயில் பால் எடுக்க 'மெனோரே கெத்தா' வேறு, மரத்தைச் சாய்க்க 'தெபாங் போக்கோக்' வேறு. வினையை மாற்றினால் போதும்.

லயத்து அக்கா:
சரி, அது நியாயம். ஆனால் எல்லாவற்றுக்கும் இரண்டு வினை வைத்திருப்பாயா?

மங்குமணி:
பசிக்கிறவனுக்கு 'கு' போட்டுவிட்டேன். மேல், உள், வரை மூன்றையும் தனிச் சொல்லாக்கிவிட்டேன், இப்போது 9. மாட்டிக்கொண்டது கோழியில். ஆள் இல்லை, ஜடமும் இல்லை. ஐ போடுவதா?

லயத்து அக்கா:
எங்கள் வீட்டுக் கோழிக்கு மகள் பெயர் வைத்துவிட்டாள். அதுவரை 'தீபாவளிக்குக் கோழி வெட்டணும்' என்று பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அவள் தினமும் 'கோழியை வெட்டுவீங்களா?' என்று கேட்கிறாள்.