கான்டெஸாவுக்கு பவர் ஆன்டெனா கம்பி எங்க கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ராயபுரத்துல இருக்கேன். அப்பாவோட கான்டெஸா கிளாசிக் கார்ல, வெளியில வாங்கி மாட்டின பவர் ஆன்டெனா (ரேடியோ போட்டா மோட்டாரால தானா மேல ஏறற கம்பி) ஒண்ணு இருக்கு. ரேடியோ போட்டா மோட்டார் சத்தம் கேக்குது, கம்பி மட்டும் ஏறல. கழட்டிப் பார்த்தா, கம்பியைத் தள்ளுற பல் வெச்ச நைலான் கயிறு உள்ளேயே முறிஞ்சிருக்கு. கடற்காத்து, கம்பியில உப்பு பூத்து இறுகிப் போச்சு. தள்ளத் தள்ள கயிறு தாங்கல. வயரிங்ல கோளாறு இல்ல.

கயிறோட சேர்ந்த கம்பி மட்டும் கிடைச்சா போதும். பல்லை கியர் பக்கம் திருப்பி உள்ள விட்டு ரேடியோவை ஆஃப் பண்ணா மோட்டாரே இழுத்துக்கும். ஆனா கயிறோட தடிமனும் பல் இடைவெளியும் பழசோட ஒத்துப்போகணும். முறிஞ்ச துண்டை எடுக்க மோட்டார் டப்பாவையும் திறக்கணும். தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இதைப் பொறுமையா செய்யற ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராவது தெரியுமா? புதுப்பேட்டைன்னா எந்தப் பக்கம் போய்க் கேக்கணும்?

கம்பி கிடைக்கலன்னா முழு செட்டே மாத்தத் தயார். ஃபெண்டர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கற தகடு) இருக்கற ஓட்டையைப் பெருசு பண்ணாம உக்காரணும், அவ்வளவுதான்.

கண்ணாடியில ஒட்டற ஆன்டெனா போடச் சொல்றாங்க. அது வேணாங்க. அப்பா கேக்கறது மீடியம் வேவ்ல, 720 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற சென்னை வானொலி. அதுக்கு நீளமான கம்பிதான் சரிப்படும். கடையோ ஆளோ தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க, அளவெடுக்க பழைய கம்பியோட நேர்ல வந்துடறேன்.