மிளகாய் நாத்துக்கு ரியூப் லைற்: ஒரு அடியா, நாலு விரலா?

கல்லடிக் கத்தரி:
மாரியில மப்பு மூடினா மிளகாய் நாத்துக்கு மேல ரியூப் லைற்றை ஒரு அடி உயரத்தில கட்டினாப் போதுமெண்டு ஒருத்தர் எழுத, நாலு பேர் அதைப் பகிர்ந்தும் வச்சிருக்கிறாங்க. ஒரு அடியில கட்டினா நாத்து ஈர்க்குமாதிரி நெடுத்துச் சரியும். நாலு விரல், அவ்வளவுதான். தூரம் நாலு மடங்கானா வெளிச்சம் பதினாறில ஒரு பங்கு. பள்ளிக்கூடத்துப் பாடம்.

அக்கரைப்பற்று வயர்மேன்:
பதினாறெண்ட கணக்கு குண்டு பல்புக்கு. நாலடி டியூப் புள்ளியில்ல, நீட்டுக் கோடு. நாலு விரலெண்ட 3 அங்குலத்தில இருந்து 12க்கு ஏத்தினா நாலில ஒரு பங்குதான் மிஞ்சும், பதினாறில ஒண்டில்ல. ஃபோன்ல வெளிச்சம் அளக்கிற லக்ஸ் ஆப் போட்டு டியூப்பின்ட நடுவுக்கு நேர கீழ வச்சுப் பாருங்க. நுனியில வைக்காதீங்க, அங்க எப்பவும் மங்கல்.

கல்லடிக் கத்தரி:
விதி விதிதான் காக்கா. பதினாறு.

களுதாவளை வெத்திலை:
உயரத்தை எங்க இருந்து அளக்கிறயள்? தட்டு மண்ணில இருந்தா, நுனி இலையில இருந்தா?

கல்லடிக் கத்தரி:
ரியூப்ல இருக்கிற நம்பரையே வாசிக்கத் தெரியாதவங்க எனக்கு விதி படிப்பிக்க வாறாங்க. 865 எண்டா நிறத்தரம், அதாவது நிறத்தை உள்ளபடி காட்டுற அளவு, எண்பதுக்கு மேல; வெளிச்சத்தின்ட நிறம் 6500 கெல்வின். 765 மலிவு, ஆனா 36 வாட்டில ஏறக்குறைய 2500 லுமென்தான். 865 மூவாயிரத்தைத் தாண்டும். ஸ்டார்ட்டர் 4–65 வாட் எண்டு எழுதினது வேணும். 4–22 போட்டா சிமிட்டிக்கொண்டே கிடக்கும். கரண்டை மட்டுப்படுத்துற சோக்கை நாத்து வச்ச அலுமாரிக்கு வெளியில பூட்டுங்க, சூடு உள்ளுக்க நிண்டா நாத்துப் போட்ட தும்புத்தூள் காய்ஞ்சு போகும். ரெண்டு முனையும் கறுத்த ரியூப்பை மாத்துங்க. ஒரு நாளைக்கு 14 – 16 மணித்தியாலம் எரிஞ்சாப் போதும். இதெல்லாம் தெரிஞ்சவனுக்குத்தான் பதினாறு விளங்கும்.

அக்கரைப்பற்று வயர்மேன்:
865 சரி. அதுக்காகப் பதினாறு சரியாகுமா? தும்புத்தூளை உப்புப் போகக் கழுவணுமா இல்லையா எண்ட விவாதத்திலயும் இப்பிடித்தான் கடைசிவரைக்கும் முரண்டு பிடிச்சீங்க.

கல்லடிக் கத்தரி:
தும்புத்தூளை இங்க ஏன் இழுக்கிறீங்க? பதினாறுக்குப் பதில் இல்லையெண்டுதானே?

நாவற்குடாத் தக்காளி:
விடியவிடிய எரிய விடலாமா?

அக்கரைப்பற்று வயர்மேன்:
வேணாம். 24 மணித்தியாலமும் வெளிச்சம் பட்டா தக்காளி இலை மஞ்சளாகும். கரண்டும் வீண்: ரெண்டு டியூப்பும் சோக்கும் சேர்ந்து 90 வாட், 16 மணித்தியாலத்துக்கு ஒண்டரை யூனிட் கிட்ட.

நாவற்குடாத் தக்காளி:
அப்ப எல்ஈடிக்கு மாறினா?

கல்லடிக் கத்தரி:
தலைப்பை வாசிச்சிட்டு வாங்க தம்பி. இங்க கதை பதினாறு.

களுதாவளை வெத்திலை:
மண்ணில இருந்து நாலு விரலெண்டா, நாத்து நாலு விரல் வளந்ததும் ரியூப்பில முட்டும். சங்கிலியில தொங்கவிட்டு, வளர வளர ஒவ்வொரு கண்ணியா உயர்த்தோணும். ரெண்டு பேரும் இதைச் சொல்லுறயள் இல்லையே.

அக்கரைப்பற்று வயர்மேன்:
சங்கிலி பிறகு. முதல்ல அவர் நாலெண்டு ஒத்துக்கொள்ளட்டும்.

கல்லடிக் கத்தரி:
'டியூப்' எண்டு எழுதுறவரோட எனக்கென்ன கணக்கு? ரியூப் எண்டு எழுதப் பழகிட்டு வாங்க.

அக்கரைப்பற்று வயர்மேன்:
ரியூப்போ டியூப்போ, நாலில ஒண்டு.

கல்லடிக் கத்தரி:
பதினாறு.