மறுமொழி: டிஜிட்டல் ஜூம் – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இந்த உரையாடல் இழை நீண்டு எங்கெங்கோ கிளை பிரிந்துவிட்டது. தொடங்கி வைத்தவன் நான் என்பதால் கொஞ்சம் இழுத்துக் கட்டப் பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை கைக்கடக்கமான கேமரா ஒன்று வாங்கப் போகிறாள். சலித்துச் சலித்துக் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறாள். ஒன்று கேனான் எஸ்.எக்ஸ்.740. மற்றது சோனி ஆர்.எக்ஸ்.100 வரிசையில் மூன்றாவது. "அண்ணா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு அட்டவணை போட்டுக் குடு. தமிழ்லயே போடு, அம்மாவும் படிப்பாங்க" என்றாள். எடை, உணரி (ஒளியைப் பதியும் சில்லு), துளை (ஒளி நுழையும் வாய்) எல்லாம் மளமளவென்று ஓடின. ஜூம் என்ற வரிசைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கேனானின் விவரக் குறிப்பில் மூன்று எண்கள்: ஆப்டிகல் (வில்லை, அதாவது லென்ஸ், நகர்ந்து தருவது) 40 மடங்கு, டிஜிட்டல் 4 மடங்கு, இரண்டையும் பெருக்கி 160. அந்த 160-ஐ எந்தப் பெயரில் எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆகமாட்டேன் என்பதுதான் குழுவிடம் நான் கேட்ட கேள்வி.

இனி வந்த மறுமொழிகள்.

> 'எண்ணிம உருப்பெருக்கம்' என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. எதற்குப் புதிது?

இருக்கிறது, ஐயா. சொல்லுக்குச் சொல் சரியாகவும் இருக்கிறது. எனக்குக் குறையே அதில்தான். டிஜிட்டல் கடிகாரம், டிஜிட்டல் தராசு என்று பழகிப் பழகி, அந்த அடைமொழி ஒட்டினாலே பொருள் ஒரு படி உசத்தி என்று நம் காது நம்பிவிட்டது. எண்ணிமம், இலக்கமுறை, எண்முறை, எதைப் போட்டாலும் அந்த உசத்தி கூடவே வந்துவிடும். விற்பவருடைய பெருமையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தால் போதும்.

நடப்பது இதுதான். வில்லை நகர்ந்து முடிந்த பிறகும் நாம் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், உணரியில் விழுந்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியுள்ளதைக் கேமரா தூக்கி எறிகிறது. நடுத்துண்டை இழுத்து முழுப்பட அளவுக்கு ஆக்கித் தருகிறது. கேனான் படம் குறுக்கே 5184, நெடுக்கே 3888 புள்ளிகள்; சுமார் 2 கோடி. நான்கு மடங்கு டிஜிட்டல் ஜூம் என்றால் குறுக்கே 1296, நெடுக்கே 972. பெருக்கிப் பார்த்தால் பன்னிரண்டரை லட்சம்தான் வருகிறது, பதினாறில் ஒரு பங்கு. மிச்சம் பதினைந்து பங்கும் ஒளி எழுதாத புள்ளிகள்.

வீட்டிலிருக்கும் பழைய கேமராவில் ஒரு சோதனை செய்தேன். அறையின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலைப் புத்தக அலமாரியை எடுத்தேன். வில்லை எட்டியவரை எடுத்ததில் முதுகுத் தலைப்புகள் வாசிக்க வந்தன. அதற்கு மேல் டிஜிட்டலில் நான்கு மடங்கு போனதும் எழுத்தெல்லாம் பெரிதாகத்தான் ஆயின. ஆனால் மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியவில்லை. சுழிகள் ஒன்றோடொன்று குழைந்து கறுப்புக் கட்டிகளாகிவிட்டன. முதல் படத்தையே கணினியில் திறந்து நடுவை வெட்டிப் பெரிதாக்கினேன். அதே கட்டிகள்! கேமரா எனக்காகச் செய்து தந்ததை நானே பிறகு உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்பதுதான் இதற்குப் பொருள். ரா கோப்பாக (உணரி பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக) எடுக்கும்போது பெரும்பாலான கேமராக்கள் இந்த வசதியைத் தருவதே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

> ஜூம் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். 'ஜூம் பண்ணு' என்றால் யாருக்குத்தான் புரியாது?

பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், நாளையும் சொல்வேன். ஜூமோடு எனக்கு வழக்கு இல்லை. அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் மாற்றப் பார்க்கிறேன். 'வெட்டு ஜூம்' என்று நீங்கள் எழுதினாலும் பாதி வழக்கு தீர்ந்தது.

> ஊதிப்பெருக்கம்.

இதை அனுப்பிய தம்பிக்கு ஒரு கைத்தட்டல். உள்ளதை ஊதிப் பெருக்குவது என்று நாம் சொல்லும் அத்தனை அர்த்தமும் ஒரே சொல்லில் இறங்கிவிட்டது. ஆனாலும் அட்டவணையில் ஏற்ற முடியாது. கலைச்சொல் நக்கலடிக்கக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். கேமராவின் அமைப்புப் பட்டியலில் 'ஊதிப்பெருக்கம்: உண்டு' என்று எந்த நிறுவனமாவது போடுமா? நாம் தரும் சொல்லை விற்பவரும் கூச்சமில்லாமல் பயன்படுத்தும்படி இருந்தால்தான் அது நிற்கும்.

> கணிதத்தில் இதற்குப் பெயர் இடைச்செருகல். 'செருகுபெருக்கம்' என்பதே பொருள் மாறாத சொல்.

கணித ஆசிரியர் ஐயா எழுதிய இதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் அடித்தது. தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தெரியாத மதிப்பைக் கணித்து வைப்பதைப் பாடநூல்கள் இடைச்செருகல் என்கின்றன. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் காப்பியங்களுக்குள் தாங்களாகச் சேர்த்த பாட்டுகளுக்கும் இதே பெயர். பதிப்பாசிரியர்கள் அவற்றை மிகைப்பாடல்கள் என்று பின்னால் தனியே தள்ளி வைப்பார்கள். முன் அடியையும் பின் அடியையும் பார்த்து, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எவரோ எழுதிச் சேர்ப்பதும், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா ஒரு புள்ளியை இட்டு நிரப்புவதும் ஒரே வேலை. இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

பிறகு ஏன் நான் வேறு பக்கம் சாய்கிறேன்? எல்லா டிஜிட்டல் ஜூமும் செருகுவதில்லை. படத்தின் அளவை முன்கூட்டியே குறைத்து வைத்துக்கொண்டால் சில கேமராக்கள் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும், ஒரு புள்ளியைக்கூடக் கற்பனை செய்யாது. முழு அளவில் வைத்திருந்தால்தான் வெட்டிய துண்டை நிரப்பும் வேலை வருகிறது. சோனியின் கிளியர் இமேஜ் ஜூம், கேனானின் ஜூம்பிளஸ் போன்றவை இந்த நிரப்பும் வேலையைக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்பவை. ஆக, செருகல் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. வெட்டு எல்லாவற்றிலும் உண்டு. பொதுப்பெயர் பொதுவாக நடப்பதிலிருந்து வரட்டும்: வெட்டுப்பெருக்கம். அதற்குள் செருகலோடு, செருகலின்றி என்று வகை பிரிக்க ஐயாவின் சொல் கைவசம் இருக்கிறது. ஐயா மன்னித்து ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஆப்டிகல் ஜூமுக்கு வில்லைப்பெருக்கம். வில்லை, வெட்டு என்று மோனையாக வந்து விழுந்தது தற்செயல்தான். ஆனால் அட்டவணையில் மேலும் கீழுமாக நிற்கும்போது, எது வேலை செய்கிறது என்று கண் தானாகவே ஒப்பிடும். 'ஒளியியல் உருப்பெருக்கம்' படிப்பவரை வகுப்பறைக்குக் கூட்டிப்போகிறது. அவருக்கு வேண்டியது கேமரா.

> பெருக்கம் என்பதே தப்பு. 40 என்பது பெருக்கம் இல்லை, விகிதம்.

இந்தக் குட்டு எனக்கு வேண்டியதுதான். கேனான் வில்லையின் குவியத்தூரம் (இது சிறியதானால் காட்சி அகலமாக விழும், பெரியதானால் கிட்டே வரும்) 4.3 மி.மீ.யிலிருந்து 172 மி.மீ. வரை போகும். பின்னதை முன்னதால் வகுத்தால் 40. சோனியில் 8.8 முதல் 25.7 வரை, வகுத்தால் 2.9. அவ்வளவுதான் அந்த எண். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. 24-இல் தொடங்கி 72-இல் முடிந்தாலும் 3 மடங்கு, 35-இல் தொடங்கி 105-இல் முடிந்தாலும் 3 மடங்கு. முதலாவதில் ஓர் அறைக்குள் எல்லோரையும் அடக்கலாம். இரண்டாவதில் முதுகு சுவரில் முட்டும், படத்தின் ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி முகம்தான் வரும். 40 மடங்கு என்றதும் கண்ணுக்குத் தெரிவதைவிட நாற்பது மடங்கு கிட்டே வரும் என்று நினைப்பதும் தவறு. உணரியின் அளவு கேமராவுக்குக் கேமரா மாறுவதால், குவியத்தூரத்தைப் படச்சுருள் காலத்து 35 மி.மீ. கணக்குக்கு மாற்றித்தான் ஒப்பிடுவார்கள். அதில் கேனானின் உச்சம் 960. கண்ணால் காண்பதுபோல் இயல்பாகத் தோன்றுவது ஏறத்தாழ 50 என்பது வழக்கம். வகுத்துப் பாருங்கள், இருபதுகூட வராது.

ஆகவே எண்ணுக்குத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது. நான் 'குவிய வீச்சு' என்றேன். உடனே இயற்பியல்காரர்கள் வந்தார்கள். வீச்சு அலைக்குச் சொந்தமாம். புள்ளியியல்காரர்களும் வந்தார்கள். அங்கே வீச்சு என்றால் பெரியதில் சிறியதைக் கழிப்பது, வகுப்பது இல்லையாம். இருவர் சொல்வதும் நியாயமே. இந்தச் சண்டை நடக்கும்போது, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஒரே வரி எழுதினார்:

> எட்டம் என்று சொல்லக் கூடாதா?

எட்டத்தில் நிற்கிறது, எட்டிப் பிடி, எட்டாக்கனி. இத்தனை நாள் வாயில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறோம்! வில்லை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதுதானே கேள்வி. அதே 35 மி.மீ. கணக்கில் கேனானின் எட்டம் 960, சோனியின் எட்டம் 70. தொடக்கப் புள்ளிக்கு அகலம். இரண்டுக்குமே 24. விகிதத்தை எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. செயலுக்கு வில்லைப்பெருக்கம், அளவுக்கு அகலமும் எட்டமும் என்று பிரித்துக்கொள்வோம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் வெட்டுப்பெருக்கம் என்ற சொல் எனக்கு முழுதாகப் பிடித்தது. கேனானின் உணரி 6.2-க்கு 4.6 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. சோனியுடையது 13.2-க்கு 8.8, அதாவது 116. சோனியில் இரண்டு மடங்கு வெட்டினால் மிஞ்சுவது 6.6-க்கு 4.4, பரப்பு 29. பெரிய உணரியில் நான்கில் மூன்று பங்கை வெட்டி எறிந்த பிறகும் மிஞ்சும் துண்டு, சின்ன உணரி முழுவதற்கும் சமம்! எட்டம் 140 ஆகிவிடும், புள்ளிகள் 50 லட்சம் மிச்சம் இருக்கும். கைபேசித் திரைக்கும் சிறு அச்சுக்கும் அது தாராளம். 'எண்ணிம' என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கைப் போட எனக்குத் தோன்றியே இருக்காது. வெட்டு என்று எழுதியதால்தான் எதிலிருந்து எவ்வளவு வெட்டுகிறோம் என்ற கேள்வி வந்தது. அதே சமயம் 300, 400 எட்டம் வேண்டும், தொலைவில் இருக்கும் பறவை வேண்டும் என்பவருக்கு இந்த வெட்டு உதவாது. அவருக்குக் கேனான்தான்.

(இந்த 13.2 மி.மீ. உணரியை 'ஓரங்குல உணரி' என்று விற்கிறார்கள். குறுக்குக்கோடாக அளந்தாலும் 16 மி.மீ. தாண்டாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிவிட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அங்குலம் அது. அதற்குப் பெயர் சூட்டும் விழாவை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். இங்கே வேண்டாம், கும்பிடுகிறேன்.)

நேற்றிரவு அட்டவணையைத் தங்கையிடம் நீட்டினேன். சொல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அகலம், எட்டம் இரண்டையும் நிற்காமல் தாண்டிப் போனாள். 'வெட்டுப்பெருக்கம்: 4 மடங்கு' என்ற இடத்தில் விரல் நின்றது.

"எதை வெட்டுது?"

"படத்தை. ஓரத்தை வெட்டிட்டு நடுவ மட்டும் பெருசாக்கும்."

"அப்ப பெட்டியில 160-ன்னு போட்டிருக்கறதுல 40தான் நிஜமா?"

அட்டவணையில் 160 என்ற எண்ணை நான் எழுதவே இல்லை. அவளாகவே போய்ச் சேர்ந்தாள். அவள் வாங்குவது எதை என்று இன்னும் முடிவாகவில்லை. எட்டம் வேண்டுமா, மங்கிய வெளிச்சத்தில் வீட்டுக்குள் எடுக்க வேண்டுமா என்று அவளும் அம்மாவும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மங்கல் வெளிச்சம் என்றால் துளை பெரியதான சோனி, எஃப் 1.8-இலேயே தொடங்குகிறது (இந்த எண் சிறியதானால் துளை பெரியது). கேனான் 3.3-இல் தொடங்கி, எட்டம் கூடக் கூட 6.9 வரை இறுகிவிடுகிறது.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி. அமைப்புப் பட்டியலில் இந்த வசதியை நிறுத்திவைக்க ஒரு வினை வேண்டும். 'வெட்டுப்பெருக்கம்: அணை' என்று போட்டுப் பார்த்தேன். விளக்கை அணைப்பதுபோலப் படிப்பவர்களும் உண்டு, கட்டி அணைப்பதுபோலப் படிப்பவர்களும் உண்டு. என் அம்மா இரண்டாவது கட்சி. 'நிறுத்து' என்றால் கேமராவே நின்றுவிடுமோ என்று பயப்படுகிறார். 'வேண்டாம்' என்று போட்டால் மொழிக்குத் தகுமா? சொல்லுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்