கழிவு வெப்ப மின்சாரம் குறைகிறதா? டர்பைனுக்கு முன்னால் டக்டைப் பாருங்கள்

சிமென்ட் ஆலையில் கழிவு வெப்ப மின் நிலையத்தின் மெகாவாட் இறங்கியதும் எல்லோரும் டர்பைனைத்தான் குடைகிறார்கள். சூளையின் சூடான வாயு டக்ட் (பெரிய குழாய்) வழியே பாய்லருக்குப் போய், அங்கே உண்டாகும் நீராவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. முதலில் பைபாஸ் டாம்பரை, அதாவது பாய்லரைத் தவிர்த்துப் போகும் வழியை மூடும் தகட்டுக் கதவைப் பாருங்கள். கன்ட்ரோல் ரூம் திரையில் 'மூடியது' என்று காட்டும். உள்ளே தகடு வளைந்து சந்து விட்டிருக்கும். கண்டுபிடிக்க மூன்று வெப்பநிலைகள் போதும். பாய்லருக்குள் நுழையும் வாயு 340 டிகிரி, வெளியேறுவது 220, பைபாஸ் வந்து சேரும் இடத்துக்கு அப்பால் 240 என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 120-ஆல் வகுத்தால், ஆறில் ஒரு பங்கு வாயு பாய்லரைத் தொடாமலே போகிறது!

---

அதோடு காற்றுக் கசிவையும் பாருங்கள். பாய்லருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளந்து, வித்தியாசத்தை (காற்றில் உள்ள 21 சதவீதம் கழித்தல் பின்பக்க அளவு) கொண்டு வகுக்க வேண்டும். முன்னால் 4, பின்னால் 6 சதவீதம் என்றால் 2/15, அதாவது சுமார் 13 சதவீதம் வெளிக்காற்று. நீராவியும் குறையும், வாயுவை இழுக்கும் ஐடி ஃபேனின் கரண்டும் ஏறும்; இரண்டு பக்கமும் நஷ்டம். மேன்ஹோல் கதவு, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், தூசி சேரும் ஹாப்பருக்கு அடியில் உள்ள ரோட்டரி வால்வு, குழாயைத் தட்டித் தூசி உதிர்க்கும் சுத்தியலின் தண்டு உள்ளே போகும் துளை என்ற வரிசையில் தேடலாம்.

---

பாய்லர் பொதுவாக இரண்டு இருக்கும்: ஒன்று பிரிஹீட்டரிலிருந்து (சூளைக்குப் போகும் மூலப்பொருளைச் சூடாக்கும் கோபுரம்) வரும் வாயுவுக்கு, மற்றது கூலரிலிருந்து (சூளையில் சுட்ட கிளிங்கரைக் குளிர்விப்பது) வரும் சூடான காற்றுக்கு. தூசி இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. பிரிஹீட்டர் தூசி மாவு போல, குழாயில் அப்பிக்கொள்ளும். ஒரு சுத்தியல் நின்றால் அந்த வரிசை மட்டும் தடித்துப்போகும். கூலர் தூசியோ மணல் போல அறுக்கும். அங்கே பாய்லருக்கு முன்னால் தூசி படியும் அறை அவசியம். ஷட்டவுனில் வளைவுகளின் குழாய்த் தடிமனைத் தவறாமல் அளந்து வையுங்கள்.

---

வெளியேறும் வாயுவை 220-க்கும் கீழே இறக்கலாமே என்ற ஆசை வரும். ஆனால் மூலப்பொருளை அரைக்கும் ரா மில்லுக்கு, ஈரத்தை உலர்த்த அந்த வாயுவின் வெப்பம் வேண்டும். ஈரமான சுண்ணாம்புக்கல் வரும் நாளில் தனியாக எரிபொருள் எரித்து உலர்த்தினால், கழிவு வெப்ப மின்சாரத்தால் மிச்சம் பிடித்த கார்பன் உமிழ்வு அங்கேயே போய்விடும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: மணிக்கு 1,00,000 நார்மல் கனமீட்டர் (0 டிகிரி, சாதாரண காற்றழுத்தத்துக்கு மாற்றிய கனஅளவு) வாயு 340-லிருந்து 220-க்கு இறங்கினால் ஏறக்குறைய 5 மெகாவாட் வெப்பம். அதில் மின்சாரமாவது சுமார் 1 மெகாவாட்தான். ஃபீட் பம்ப், கண்டென்சர், ஐடி ஃபேனுக்குக் கூடும் சுமை எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்கும் யூனிட்டுக்கே கார்பன் கணக்கு எழுத வேண்டும்.