மசக்கைக்குப் புகையிலை போடலாமா?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். காசிமேட்டில் ஒரே அறை வீடு. வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துதான் பீடி பிடிக்கிறார். புகையெல்லாம் உள்ளேதான் வருகிறது. மாமியார் மீன்கூடையை இறக்கியதும் சுருக்குப்பையைத் திறந்து, "குமட்டலுக்கு நல்லதும்மா" என்று வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையும் நீட்டுகிறார். சிகரெட்தானே கெடுதல்?

ராயபுரம் அக்கா: இல்லைம்மா. மென்றாலும் நிகோடின் ரத்தத்தில் கலந்து பிள்ளைக்குப் போகும். எடை குறைந்து பிறக்கலாம். நம் பக்கம் பெண்கள் புகைப்பது குறைவு, மெல்லுவதுதான் அதிகம். கேட்டால், "எனக்குக் கெட்ட பழக்கமே இல்லை" என்போம்! நானும் அப்படிச் சொன்னவள்தான்.

தண்டையார்பேட்டைக்காரன்: பீடியோடு அவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். விட நினைத்தால் 1800-11-2356, இலவச எண்.

கேள்வி கேட்டவர்: சரி அக்கா. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தாலே போதும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டேன். சுருக்குப்பையை இன்னும் மூடவில்லை.