மின்சார வரைபடத்தில் 2013: இவ்வளவு பெரிய சரிவு எப்படி வந்தது?

கேள்வி: ஹட்டன் டீச்சர்

உயர்தரப் புவியியல் வகுப்புக்காக, இலங்கையின் மின் உற்பத்தியில் சுவட்டு எரிபொருளின் (எண்ணெய், நிலக்கரி) பங்கை 1990 முதல் வரைந்துகொண்டிருக்கிறேன். 1990இல் கோடு ஏறத்தாழ பூச்சியத்தில் கிடக்கிறது. 2000ஆம் ஆண்டளவில் பாதியைத் தாண்டிவிடுகிறது. 2012இல் 70 சதவீதத்தை ஒட்டி நிற்பது மறு ஆண்டே 40 அளவுக்கு விழுந்து, 2014இல் மீண்டும் 60ஐத் தாண்டுகிறது. ஒரே ஆண்டில் ஒரு நாடு இவ்வளவு எண்ணெயைக் கைவிட முடியுமா? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

பதில்: மஸ்கெலியாக்காரன்

டீச்சர், 2013இல் நல்ல மழை. அதுதான் விடை.

நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது அங்கிருந்த கோவிலின் சுவர்கள் சேற்றிலிருந்து எழுந்து நிற்கும். ஊர்ச்சனம் நடந்துபோய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வரும். கோவில் தெரிகிறது என்றால் கொழும்பில் எண்ணெய் எரிகிறது என்பது எங்களுக்குக் கேட்காமலே தெரியும். மவுசாக்கலையில் இருந்து இறங்கும் அதே நீர் கன்யன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று மூன்று நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் போகிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே மூன்று இடங்களில் உற்பத்தி குறையும்.

பின்கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். லக்ஷபான 1950இல் இயங்கத் தொடங்கியது. எண்பதுகளில் மகாவலியில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல வந்தன. 1990இல் மழை நீரே நாட்டுக்குப் போதுமாக இருந்தது. அதன்பின் பெரிய அணை கட்ட இடம் அரிதாகிவிட்டது, தேவையோ நிற்கவில்லை. 1990இல் ஏறத்தாழ 3,000 கிகாவாட் மணியாக இருந்த உற்பத்தி இன்று அதைப்போல ஐந்து மடங்கு. 1996 வறட்சியில் நாளுக்கு எட்டு மணி நேரம் வரை மின்வெட்டு. அந்த அடிக்குப் பிறகுதான் அவசர அவசரமாக டீசல், உலை எண்ணெய் நிலையங்கள் முளைத்தன. அவசரத்தில் வாங்கியது நிரந்தரமாகிவிட்டது என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே சதவீதத்தை மட்டும் வரையாதீர்கள். எண்ணெய்க்கு ஒரு நிறம், நிலக்கரிக்கு ஒரு நிறம், நீருக்கு ஒரு நிறம் கொடுத்து, கிகாவாட் மணியில் அடுக்கிப் பாருங்கள். மழை கூடினால் முதலில் நிறுத்தப்படுவது விலை கூடிய எண்ணெய். வரைபடத்தில் ஏறி இறங்கும் பற்கள் பெரும்பாலும் எண்ணெயுடையவை.

பதில்: கற்பிட்டி வாசகி

நிலக்கரியின் நிறம் 2011இல்தான் தொடங்கும் டீச்சர். அந்த ஆண்டில் நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதல் 300 மெகாவாட் அலகு வந்தது. 2014இல் மூன்று அலகும் சேர்ந்து 900 ஆனது. அது பெரும்பாலும் நிற்காமல் ஓடும் நிலையம், மழைக்கு அசையாது.

ஆனால் அதற்கும் ஒரு பருவக்காற்று உண்டு. கப்பல் கரைக்கு வராது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, நிலக்கரியைப் பாரப்படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். தென்மேற்குக் காற்று கிளம்பினால் கடல் இடம் தராது. அதனால் ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை இறக்கிக் குவித்து, மிச்ச மாதங்களை அந்தக் குவியலில்தான் ஓட்ட வேண்டும். நிலக்கரி வாங்கும் கேள்விப்பத்திரம் (டெண்டர்) தாமதமானால் அந்த ஆண்டு முழுவதும் நெருக்கடி.

ஹட்டன் டீச்சர்

இருவருக்கும் நன்றி. நிறம் பிரித்ததும் படம் தெளிவாகிவிட்டது. இன்னொன்று: 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. அதற்கும் வறட்சிதான் காரணமா? 2030க்குள் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கு நடக்குமா ஐயா?

பதில்: மஸ்கெலியாக்காரன்

2022இல் நீர்த்தேக்கங்களும் இறங்கியிருந்தன. ஆனால் பெரிய காரணம் எண்ணெய் வாங்க டொலர் இல்லாதது. முன்பெல்லாம் மழை பொய்த்தால் எண்ணெய் கைகொடுக்கும். அந்த ஆண்டு இரண்டு கையும் விழுந்துவிட்டது. இறக்குமதி எரிபொருளில் நிற்கும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் ஒரு நீர்த்தேக்கம்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

70 பற்றி: மழை நல்ல ஆண்டில் பாதியை இப்போதே தொடுகிறோம். மன்னாரில் காற்றாலை சுழல்கிறது. சம்பூரில் வரவிருந்த நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, இன்று அங்கே சூரிய மின்சாரம் பேசப்படுகிறது. அதெல்லாம் சரி. என் கவலை மாலை ஆறரைக்கு மேல். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் மின்சாரம் மிஞ்சி, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அதே நாட்டில் வீட்டுக்கு வீடு விளக்குப் போடும் நேரத்தில் அனல்மின் நிலையங்களைத்தான் நம்பியிருக்கிறோம். பகலில் மிஞ்சுவதைக் கொண்டு நீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கும் திட்டம் மகா ஓயாவுக்கென்று நெடுங்காலமாகப் பேச்சில் இருக்கிறது. மின்கலங்களோ அதுவோ, ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். உங்கள் மாணவர்களுக்கு அடுத்த பயிற்சியாக ஒரே ஒரு நாளின் 24 மணி நேர வரைபடத்தைக் கொடுங்கள், டீச்சர்.